லினக்ஸில் சாயங்காலமானால் ‘ஃப்ரீ’ 400 எம்பிதான் காட்டுகிறது. கேஷை அழிக்கலாமா, ஸ்வாப்பை அணைக்கலாமா?

கேட்டவர் தந்த விவரம் இது: 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப், உபுண்டு. காலையில் ஆன் செய்ததும், ராம் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கமாண்ட் 11 ஜிபி காலி என்கிறது. சாயங்காலம் பார்த்தால் 400 எம்பி. பிரௌசர், எடிட்டர் எல்லாவற்றையும் கூட்டினாலும் 5 ஜிபியைத் தாண்டவில்லை. மணிக்கு ஒரு தடவை கேஷைக் (டிஸ்க்கில் படித்ததை ராமில் வைத்திருக்கும் இடம்) காலி செய்யும் வரியை க்ரானில் (குறித்த நேரத்தில் கமாண்டுகளைத் தானாக ஓட்டுவது) போடு என்று ஒருவரும், ஸ்வாப்பை (ராமில் இருப்பதை எடுத்து வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) அணைத்துவிடு என்று இன்னொருவரும் சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா?

இரண்டுமே வேண்டாம். முதல் யோசனையை நானே செய்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். சின்ன கம்பெனி, 32 ஜிபி ராம் உள்ள ஒரே ஒரு சர்வர், அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். உங்களைப் போலவே ஒரு நாள் ஃப்ரீ அடித்துப் பார்த்தேன். 300 எம்பிதான் மிச்சம் என்றதும் கை உதறிவிட்டது. எங்கேயோ படித்த வரியைக் கொண்டுவந்து க்ரானில் போட்டேன்: ஒவ்வொரு மணிக்கும், கேஷைக் காலி செய்யச் சொல்லும் டிராப் கேஷஸ் கோப்பில் 3 என்று எழுத வேண்டும். போட்ட முதல் மணியிலேயே 20 ஜிபிக்கு மேல் காலி! ஸ்க்ரீன்ஷாட் கூட எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் பில்லிங் பக்கத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. “தம்பி, பத்து மணிக்கு ஒரு தடவை மாட்டிக்குது, பதினோரு மணிக்கு ஒரு தடவை மாட்டிக்குது. நடுவுல நல்லாத்தான் ஓடுது.” மூன்று நாள் நெட்வொர்க்கைக் குடைந்தேன், ஸ்விட்ச்சை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் சீனியர் வந்து உட்கார்ந்தார். க்ரான் பட்டியலைத் திறந்து, அந்த வரியின் மேல் விரலை வைத்து, “யாருப்பா இதப் போட்டது?” என்றார். போட்டவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். போஸ்ட்கிரெஸ் ராமில் தனக்கென்று வைத்திருந்த இடம் 128 எம்பி. அதுதான் அதன் இயல்பு அளவு. அதைக் கூட்ட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மிச்ச வேலையெல்லாம் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்திருக்கும் கேஷை, அதாவது பேஜ் கேஷை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது. மணிக்கு ஒரு தடவை நான் அதை மொத்தமாகத் தூக்கிக் கொட்டிவிடுவேன். டேட்டாபேஸ் பாவம், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மறுபடி முதலிலிருந்து அள்ளிக்கொண்டு வரும். அள்ளி முடித்துக் கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் அடுத்த மணி.

சரி, கெர்னல் இந்த ராமை எப்படிப் பார்க்கிறது? பைட் பைட்டாக இல்லை, பக்கம் பக்கமாக. உங்கள் லேப்டாப்பில் ஒரு பக்கம் 4 கேபி. 16 ஜிபிக்கு 41,94,304 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கெர்னல் 64 பைட்டில் ஒரு சின்னக் குறிப்பு வைத்திருக்கிறது: யார் வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் பகிர்கிறார்கள், டிஸ்க்கில் எழுத வேண்டியது பாக்கி இருக்கிறதா என்றெல்லாம். கணக்குப் போட்டால் இந்தக் குறிப்புகளுக்கு மட்டுமே 256 எம்பி. 16 ஜிபி வாங்கிப் போட்டும் மொத்தம் என்ற இடத்தில் 15 சொச்சம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பக்கம் பக்கமாகப் பிரிக்கிற இந்த யோசனை புதிதல்ல. 1962-இல் மான்செஸ்டரில் ஓடத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரிலேயே இது உண்டு. அதில் ஒரு பக்கம் 512 வேர்டு. மெயின் மெமரியில் மொத்தமே 32 பக்கம்தான் கொள்ளும், மற்றதெல்லாம் சுழலும் டிரம்மில் (இன்றைய டிஸ்க்கின் இடத்தில் அன்று இருந்தது). எந்தப் பக்கத்தை டிரம்முக்குத் துரத்துவது என்று ஊகிக்க அப்போதே ஒரு புரோகிராம் இருந்தது. 32 பக்கத்துக்கு இருந்த அதே தலைவலிதான் இன்று 41 லட்சம் பக்கத்துக்கு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘இந்தப் பக்கம் காலியா, இல்லையா’ என்று நாம் கேட்கிறோம். கெர்னல் கேட்பது வேறு: ‘வேறொருவருக்குத் தேவைப்பட்டால் இதை எவ்வளவு சுலபமாகத் திரும்ப வாங்கலாம்?’

ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்றால், ஜெராக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு கிழித்துப் போடலாம். டிஸ்க்கிலிருந்து படித்து, மாற்றாமல் வைத்திருக்கும் கோப்புப் பக்கம் இப்படிப்பட்டது. புரோகிராம்களின் கட்டளைகள் (கோட்) இருக்கும் பக்கங்களும் இதே வகைதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்வாப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். அந்த ஜெராக்ஸின் மேல் பேனாவால் திருத்தம் போட்டிருந்தால்? முதலில் ஒரிஜினலில் ஏற்றிவிட்டுத்தான் கிழிக்க முடியும். இதுதான் டர்ட்டி பக்கம். மூன்றாவது வகை, ஒரிஜினலே இல்லாமல் கையால் எழுதியது. ஒரு புரோகிராம் ஓடும்போது தனக்காகக் கேட்டு வாங்கிய மெமரி அது. பிரௌசரில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் டேப்களின் டேட்டா எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. அனானிமஸ் பக்கம் என்று பெயர். இதை எங்கேயாவது எடுத்து வைத்தால்தான் இடம் கிடைக்கும். அந்த ‘எங்கேயாவது’தான் ஸ்வாப்.

காலையில் 11 ஜிபி காலியாக இருந்ததற்குக் காரணம், அதுவரை நீங்கள் எதையும் படிக்கவில்லை என்பதுதான். பகல் முழுக்கத் திறந்த ஒவ்வொரு கோப்பின் ஜெராக்ஸும் ராமில் தங்கிவிட்டது. தங்கட்டும், அந்த இடத்தைச் சும்மா விட்டால் யாருக்கு லாபம்? வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு 2 ஜிபி வீடியோவை, கோப்பைப் படிக்கும் கேட் கமாண்டால் டெவ் நல்லுக்கு (எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் இடம்) அனுப்பி, டைம் கமாண்ட் வைத்து அளந்து பாருங்கள். என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல் தடவை 14 நொடி. மேல் அம்புக்குறியை அழுத்தி அதையே மறுபடி ஓட்டினால் அரை நொடிகூட இல்லை. நடுவில் ஃப்ரீயில் காலி என்பது 2 ஜிபி குறைந்திருக்கும். நீங்கள் ‘காணாமல் போனது’ என்று தேடும் மெமரி இந்தப் பதிமூன்றரை நொடிக்குள்தான் இருக்கிறது.

அதனால் ஃப்ரீ காட்டும் வரியில் ‘ஃப்ரீ’ பத்தியை விட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் ‘அவைலபிள்’ பத்தியைப் பாருங்கள். இது 2014-இல் 3.14 கெர்னலில் வந்தது. காலியாக இருப்பதோடு, சுலபமாகத் திரும்ப வாங்கக்கூடியதையும் கூட்டி, ஸ்வாப்பைத் தொடாமல் புதிதாக எவ்வளவு தர முடியும் என்று கெர்னலே போடும் மதிப்பீடு. உங்கள் கணக்குப்படி அது 9, 10 ஜிபி காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இடம் உண்மையிலேயே குறையும்போது யாரை வெளியேற்றுவது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. காலியிடத்துக்கு மின் (மினிமம்), லோ, ஹை என்று மூன்று எல்லைக் கோடுகள் உண்டு. லோவுக்குக் கீழே இறங்கினால் கே-ஸ்வாப்-டி என்ற கெர்னல் த்ரெட் விழித்துக்கொண்டு, ஹை வரும்வரை பின்னணியில் சத்தமில்லாமல் பெருக்கித் தள்ளும். அது ஈடுகொடுக்க முடியாமல் மின்னையும் தொட்டுவிட்டால், மெமரி கேட்ட புரோகிராமையே “நீயே கொஞ்சம் பெருக்கிவிட்டு எடுத்துக்கொள்” என்று நிறுத்திவிடும். மவுஸ் திக்கித் திக்கி நகர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். என் லேப்டாப்பில் இந்த மின் கோட்டுக்கான ஒதுக்கீடு 67,584 கேபி. அதாவது கெர்னல் விடாப்பிடியாகக் காப்பாற்றும் காலியிடம் 16 ஜிபியில் வெறும் 66 எம்பி. உங்கள் 400 எம்பி அதற்கு எங்கேயோ மேலே இருக்கிறது.

பெருக்குவதற்குப் பட்டியல்கள் உண்டு: ஆக்டிவ், இன்ஆக்டிவ். புதிதாகப் படித்த கோப்புப் பக்கம் முதலில் இன்ஆக்டிவில் நிற்கும். அங்கே இருக்கும்போதே இன்னொரு தடவை யாராவது அதைத் தொட்டால்தான் ஆக்டிவுக்கு உயர்வு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ராத்திரி பேக்கப் ஓடி டிஸ்க் முழுவதையும் ஒரே ஒரு தடவை படித்துவிட்டுப் போனாலும், அந்தப் பக்கங்கள் வாசலோடு போய்விடும். நீங்கள் தினமும் புழங்குவது உள்ளே பத்திரமாக இருக்கும். 2014-இல் 3.15 கெர்னலில் இன்னொன்றும் சேர்ந்தது. ஒரு கோப்புப் பக்கத்தை வெளியேற்றும்போது அது இருந்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போகும். அதே பக்கம் சீக்கிரமே திரும்பி வந்தால், “அடடா, தப்பான ஆளைத் துரத்திவிட்டோம்” என்று கெர்னலுக்குத் தெரிந்துவிடும். நேராக ஆக்டிவில் கொண்டுபோய் வைக்கும். 2022 டிசம்பரில் வந்த 6.1-இல் இரண்டு பட்டியலுக்குப் பதிலாகத் தலைமுறை தலைமுறையாகப் பிரிக்கும் புதிய முறையும் சேர்ந்திருக்கிறது. அது ஆனில் இருந்தால் மேலே சொன்ன பட்டியல் விவரம் கொஞ்சம் மாறும். ஆனால் சமீபத்தில் தொட்டதை விடாதே, நாளாகத் தொடாததைத் துரத்து என்ற அடிப்படை அதேதான்.

இவ்வளவு நுணுக்கமாகச் சேர்த்த தகவலைத்தான் அந்த க்ரான் வரி ஒரே வீச்சில் அழிக்கிறது. அந்த டிராப் கேஷஸ் கோப்புக்கு உபயோகமே இல்லையா என்றால், உண்டு. டிஸ்க் வேகத்தை அளக்கும்போது ஒவ்வொரு தடவையும் கேஷ் இல்லாத நிலையிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு நானும் இன்றுவரை உபயோகிக்கிறேன். அதைத் தாண்டி தினசரி ஓட்டுவதற்கு இல்லை.

இரண்டாவது யோசனை, ஸ்வாப்பை அணைப்பது. ஸ்வாப் இல்லையென்றால் கையால் எழுதிய காகிதம் எதையும் நகர்த்தவே முடியாது. காலையில் திறந்துவிட்டு மறந்துபோன பிடிஎஃப் ரீடரின் மெமரி ராமிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். நெருக்கடி வந்தால் கெர்னல் கிழிக்கக்கூடியது ஜெராக்ஸ் மட்டும்தான். அதில் என்ன இருக்கிறது என்று முன்னால் சொன்னேன்: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கட்டளைப் பக்கம். அதைக் கிழிக்கும், அடுத்த நொடியே தேவைப்படும், டிஸ்க்கிலிருந்து படிக்கும், மறுபடி கிழிக்கும். ஸ்வாப்பே இல்லாத மெஷின் டிஸ்க் விளக்கு எரிய எரிய உறைந்து நிற்பது இதனால்தான். கடைசியில், மெமரி தீர்ந்ததும் கெர்னலின் ஊம் கில்லர் வரும். யார் அதிக மெமரி பிடித்திருக்கிறார்கள் என்று மதிப்பெண் போட்டு, முதல் மதிப்பெண் வாங்கியவரைக் கொல்லும். லேப்டாப்பில் அது வழக்கமாக பிரௌசராகத்தான் இருக்கும். நீங்கள் பாதி நிரப்பிய படிவமும் அதோடு போகும்.

ஸ்வாப்பினஸ் என்று கெர்னலில் ஒரு அமைப்பு உண்டு. அது 60 என்பதை “60 சதவீதம் நிரம்பினால் ஸ்வாப் தொடங்கும்” என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. அனானிமஸ் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும் செலவையும் கோப்புப் பக்கத்தைத் திரும்பப் படிக்கும் செலவையும் ஒப்பிடும் எண் அது. 100 என்றால் இரண்டும் சமம். 5.8 கெர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம். அதையும் நீங்கள் தொட வேண்டியதில்லை. ஸ்வாப்பில் ஒரு ஜிபி கிடக்கிறது என்பதும் தனியாக ஒரு நோய் இல்லை. விஎம்ஸ்டாட் 1 என்று ஓட்டி எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ராமுக்கு வருவது), எஸ்ஓ (ராமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) பத்திகளைப் பாருங்கள். பூஜ்யமாகவே ஓடினால் போன பக்கங்கள் போன இடத்தில் தூங்குகின்றன. இரண்டும் தொடர்ந்து ஆயிரக்கணக்கில் துள்ளினால்தான் ராம் போதவில்லை என்று அர்த்தம். ப்ராக் கோப்பகத்தில் பிரஷர் என்பதற்குள் மெமரி என்று ஒரு கோப்பும் இருக்கும். 4.20 கெர்னலில் வந்தது. மெமரிக்காகக் காத்திருந்ததில் எத்தனை சதவீத நேரம் வீணானது என்று நேரடியாகவே சொல்லும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உங்கள் சந்தேகம் சரியாக இருக்க வாய்ப்புண்டு. கோப்புகளை ராமிலேயே வைக்கும் டெம்ப்-எஃப்எஸ்ஸில் போட்ட கோப்புகளும் ஃப்ரீயில் ‘பஃப்/கேஷ்’ கணக்கில்தான் வரும், ஆனால் அவற்றுக்கு டிஸ்க்கில் ஒரிஜினல் கிடையாது. டிராப் கேஷஸும் அவற்றைத் தொடாது. யாரும் அளவு குறிப்பிடாவிட்டால் ஒரு டெம்ப்-எஃப்எஸ் ராமில் பாதிவரை வளரலாம், உங்களுக்கு அது 8 ஜிபி. அவைலபிள் குறைவாக இருந்து, ‘ஷேர்ட்’ பத்தி ஜிபிக் கணக்கில் காட்டினால், இடக் கணக்கைக் காட்டும் டிஎஃப் கமாண்டை அடித்து டெவ் எஸ்எச்எம், டெம்ப் என்ற இரண்டு கோப்பகங்களிலும் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு அந்த வரியைக் கீழே கமெண்டில் போடுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் பதில் எழுதுகிறேன்.