தாத்தா காலத்து பொம்மை நீராவி எஞ்சினை மாத்தி ஓட்டலாமா, அப்படியே வெச்சிருக்கலாமா?

வீட்ல ஒரு பழைய பித்தளை நீராவி எஞ்சின் மாடல் கெடக்கு, பெயிண்ட் அடிச்சு பர்னரை மாத்தி ஓட்டலாமா இல்ல தொடாம விட்டுரலாமான்னு கேட்டிருக்கீங்க. நாளைக்கே கழட்டி பழையபடி ஆக்க முடியுற வேலைன்னா தாராளமா பண்ணுங்க. துளை போடுறது, பெயிண்ட் சுரண்டுறது ரெண்டும் வேண்டவே வேண்டாம். நான் சுரண்டுனவன், அதான் சொல்றேன்.

எங்களுக்கு கிருஷ்ணகிரி. தாத்தா கோலார் தங்கவயல்ல ஃபிட்டர், 1956-ல சுரங்கம் மைசூர் அரசாங்கத்து கைக்கு போன சமயத்துல மூட்டை கட்டுன ஒரு வெள்ளைக்காரர் தன் பையன் விளையாடுன மாமோட் எஞ்சினை அவர்கிட்ட குடுத்துட்டு போனாராம். மாமோட் இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கம் 1930-கள்ல ஆரம்பிச்ச கம்பெனி. பித்தளை பாய்லர், அடியில ஸ்பிரிட் விளக்கு, ஒரு சிலிண்டர், ஃப்ளைவீல், அவ்ளோதான். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடும்போதே நீராவி போற ஓட்டை திறந்து மூடிக்கும், சிலிண்டருக்குன்னு தனியா வால்வு கிடையாது, அதைப் பாத்துட்டே உக்காந்துருக்கலாம்.

காலேஜ் முடிச்ச வருஷம் எனக்கு கை சும்மா இல்ல. தின்னர் ஊத்தி சிவப்பு பெயிண்டை உரிச்சு, உப்புத்தாள் போட்டு பாய்லரை தேய்ச்சு, காருக்கு அடிக்கிற ஸ்ப்ரேல பளபளன்னு ஆக்கிட்டேன். அப்புறம் ஓசூர்ல ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துட்டு போய் பிரஷர் கேஜ் வைக்க பாய்லர்ல ஒரு ஓட்டை போடுங்கண்ணேன்னு கேட்டேன், அவர் திருப்பி திருப்பி பாத்துட்டு "ஏன் தம்பி, பெயிண்டை நீயே கெடுத்துட்ட, பாய்லரை என் கையால கெடுக்கச் சொல்றியா"ன்னு திருப்பி அனுப்பிட்டார். அன்னைக்கு கோவம் வந்துச்சு, இன்னைக்கு அவருக்கு கோயில் கட்டலாம். இந்த மாதிரி சாமான் சேக்குறவங்க கம்பெனியில அடிச்ச பெயிண்டு உரிஞ்சு கெடந்தாலும் அதைத்தான் தேடுவாங்க, நம்ம பளபளப்புக்கு மதிப்பு குறையுமே தவிர ஏறாது.

ஊட்டி ரயில் எஞ்சினையே நிலக்கரியில இருந்து ஆயிலுக்கு மாத்துனாங்களேன்னு கேப்பீங்க. அது மலை ஏறி ஆளை கொண்டுபோய் சேக்கணும், நம்மளது ஷோகேஸ்ல உக்காந்திருக்கு, ரெண்டும் ஒண்ணா?

ஓட்டுறதுன்னா முதல்ல தண்ணி. கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு ஜில்லாவுலயும் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், பக்கெட்டுல வெள்ளை வெள்ளையா படியுறது பாய்லர் உள்ளயும் படியும், குழாய்ல வர்ற ஓகேனக்கல் தண்ணியும் வேண்டாம், மழைத்தண்ணி புடிச்சு வெச்சுக்கங்க இல்ல பேட்டரிக்கு ஊத்துற தண்ணி. வத்த விடவே கூடாது. நிறைய பொம்மை பாய்லர்ல ஓரம் ஈயப்பத்து தான், அந்த பத்து 183 டிகிரி வாக்குல உருக ஆரம்பிச்சிரும், உள்ள தண்ணி இருக்குற வரைக்கும் சூடு அங்க போகாது, தண்ணி தீந்தா ரெண்டு நிமிஷத்துல மூடி கழண்டுரும். கேஸ் பர்னர் பக்கமே போகாதீங்க. பாய்லர்ல அழுத்தம் ஏறுனா நீராவியை வெளிய விடுற சேஃப்டி வால்வோட ஸ்பிரிங் துருவேறி ஒட்டியிருந்தா புது வால்வு போடுங்க, பழசை ஒரு டப்பால போட்டு எஞ்சின் கூடவே வைங்க. இதுல மட்டும் பழமை பாக்காதீங்க, வெடிச்சா முகத்துல தான் அடிக்கும். பழைய வாசர், திரி, பாய்லர் மேல சுத்துன துணி மாதிரி ஏதாச்சும் இருந்தா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், அந்தத் தூள் மூச்சுல போனா ஆபத்து, பிச்சு தூள் பண்ணாதீங்க.

பித்தளை கருத்திருந்தா அம்மா புளி போட்டு விளக்கித் தரேன்னு வருவாங்க, வேண்டாம்னு சொல்லிருங்க, மெத்து துணியால தூசி தட்டுனா போதும்.

எதுல கை வைக்கிறதுக்கு முன்னாடியும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துருங்க. எங்க வீட்ல அந்த பழைய சிவப்பு என்ன சிவப்புன்னு பாக்க ஒரு போட்டோ கூட இல்ல, அம்மா குங்குமக் கலர்ங்கறாங்க, மாமா செங்கல் கலர்ங்கறார்.