ஆகஸ்டில் ஓஹாயோ கிளம்பும் கோத்தகிரித் தங்கைக்கு

தங்கச்சி, உன் கேள்வியை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, விசாவுக்குக் கல்லூரி அனுப்புகிற ஐ-20 படிவம் வந்துவிட்டது, அங்கே பெண்கள் ஃபுட்பால் டீம் கோச் உன் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆகஸ்ட் பயிற்சிக்கே வரச் சொல்லியிருக்கிறார். "சீசன்னா எப்படி இருக்கும் அக்கா, படிப்பு கெட்டுப் போகுமா, நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேனா, அம்மா ரொம்பப் பயப்படுறாங்க" என்று எழுதியிருந்தாய். நானும் கோத்தகிரிதான். 2010-ல் அந்த மாநிலத்துக்குப் போய் நான்கு வருடம் லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையில் இடது பக்கம் ஆடினேன், அப்புறம் அங்கேயே வேலை, வீடு என்று ஆகிவிட்டது. இப்போது லீவில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மூன்று நாளாக மேகம் இறங்கி எதிரே இருக்கிற தேயிலைச் சரிவே தெரியவில்லை, அதனால் உட்கார்ந்து விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம், அம்மாவின் பயத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ அமைப்பில் டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று அடுக்கு உண்டு. நீ போகும் கல்லூரி டிவிஷன் 3, அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கவே கூடாது. உனக்குக் கிடைத்திருப்பது மார்க்குக்கும் வீட்டு வருமானத்துக்கும் பார்த்துக் கொடுத்த உதவி. அடிபட்டு ஆட முடியாமல் போனாலும், பிடிக்காமல் நீயே டீமை விட்டு வந்தாலும் அதற்காக அந்தப் பணம் போகாது. இதை அம்மாவிடம் இரண்டு தடவை சொல்.

சீசன் என்பது மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. ஆகஸ்ட் நடுவில் மற்ற மாணவர்கள் வருவதற்கு முன்பே டீம் மட்டும் கேம்பஸுக்கு வந்துவிடும், செப்டம்பர் தொடக்கத்தில் முதல் மேட்ச். அந்த மாதம் வெவ்வேறு ஊர் டீம்களோடு ஆடிவிட்டு அக்டோபர் முழுக்க கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், அதாவது நம்ம மாவட்ட லீக் மாதிரி சுற்றுவட்டாரக் கல்லூரிகள் சேர்ந்து நடத்துவது. அதில் மேலே வருகிற சில டீம்களுக்கு நவம்பர் முதல் வாரத்தை ஒட்டி ஒரு டோர்னமென்ட், அதில் ஜெயித்தால் 64 டீம் ஆடுகிற தேசியப் போட்டி, இல்லையென்றால் பெரும்பாலும் அன்றோடு வீட்டுக்கு. வாரத்துக்கு இரண்டு ஆட்டம், எங்களுக்குப் பெரும்பாலும் புதனும் சனியும், நடுவில் பயிற்சி, வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. கடிகாரம் 45-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும், பூஜ்யம் வந்தால் ஹாஃப் முடிந்தது, இங்கே மாதிரி ரெஃப்ரி கூட்டிக் கொடுக்கிற நிமிடங்கள் கிடையாது. என் காலத்தில் சமனானால் எக்ஸ்ட்ரா டைம் உண்டு, முதலில் கோல் போட்டவர் ஜெயித்தார். 2022-லிருந்து லீக் ஆட்டங்களில் அதை எடுத்துவிட்டார்கள், சமன் என்றால் சமன்தான். டீமின் கணக்கை 9-6-3 என்று எழுதியிருந்தால் ஒன்பது வெற்றி, ஆறு தோல்வி, மூன்று சமன் என்று படிக்க வேண்டும், நான் முதல் வருடம் நடு எண்ணைத்தான் சமன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு முதலில் வரப்போகிற கஷ்டம் வெயில். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், ஏறி இறங்கி வளர்ந்தவள் நீ, மூச்சு தாங்கும். ஆனால் ஆகஸ்டில் ஓஹாயோ 30 டிகிரிக்கு மேல் போகும், காற்றில் ஈரம் வேறு, செயற்கைப் புல் தரை அதைவிடச் சூடாக இருக்கும், ஷூவுக்குள் கால் வேகும். காலையில் ஒரு செஷன், சாயங்காலம் ஒரு செஷன். உடம்பு வெயிலுக்குப் பழக பத்துப் பதினான்கு நாள் ஆகும், அதனால் கிளம்புவதற்கு முன் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் இரண்டு வாரம் போய்த் தங்கி, தினமும் சாயங்கால வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓடு. நான் இதைச் செய்யாமல் போய், இரண்டாம் நாளே ஓட்டத்தின் நடுவில் வாந்தி எடுத்தேன்.

சரி, நான் உண்மையில் உனக்குச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். அங்கே வாயைத் திறக்க வேண்டும், தங்கச்சி. முதல் நாள் பயிற்சி முடிந்ததும் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் ஆட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் நீ கிரவுண்டில் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை, உன் சத்தம் எங்கே என்று கேட்டார். மற்ற பெண்கள் விடாமல் கத்திக்கொண்டே இருந்தார்கள். பின்னால் ஆள் வந்தால் "மேன் ஆன்", நேரம் இருந்தால் "டைம்", திரும்பலாம் என்றால் "டர்ன்", பந்தை எதிர்ப்பக்கம் மாற்ற "ஸ்விட்ச்". பின்வரிசையில் நிற்கிறவளுக்கு முழு கிரவுண்டும் தெரியும், அவள் சொல்லவில்லை என்றால் முன்னால் இருப்பவளுக்கு முதுகில் கண் இல்லை. நான் எங்கே பழகினேன்? காந்தி மைதானத்தில் ஒரு ஓரமாக, பையன்கள் ஆடி முடித்த பிறகு, வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்களே என்று உதட்டை இறுக்கிக்கொண்டு ஆடியவள். பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சத்தம் என்று கேட்டுத்தானே நாம் வளர்ந்தோம்.

எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் யார் எந்த நாட்டுக்கு என்று பிரித்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா என்று எழுதப்பட்ட குடும்பம், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்து லைன் வீட்டில் குடியேறினார்கள். சிலோன்காரங்க என்று ஒதுக்கிப் பேசிய காலம். புது ஊரில் கேட்டதற்குத் தலையாட்டு, வலித்தால் தாங்கு, எதையும் கேட்டு நிற்காதே என்பதுதான் பாட்டி கண்டது. அது அவரைக் காப்பாற்றியது, நான் அதைக் குறைசொல்லவே மாட்டேன். நான் விமானம் ஏறும்போதும் அதையேதான் காதில் சொல்லி அனுப்பினார். ஆனால் எனக்கு அது ஒரு சீசனைத் தின்றது.

இரண்டாம் வருடம், 2011. ஆகஸ்ட் கடைசியிலேயே இடது முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரு வலி. ஓடத் தொடங்கும்போது இருக்கும், சூடு ஏறினால் குறையும். அப்புறம் குறையாமல் நின்றது, அப்புறம் படி இறங்கும்போது, கடைசியில் படுக்கும்போதும். சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள், இப்போதுதான் முதல் பதினொன்றில் இடம் கிடைத்திருக்கிறது என்று மறைத்தேன். ஒவ்வொரு டீமோடும் அத்லெட்டிக் ட்ரெய்னர் என்று ஒருவர் இருப்பார், பயிற்சியாளர் என்று நினைத்துவிடாதே, காயத்தைப் பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் இரண்டு முறை நேரில் கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். செப்டம்பர் மூன்றாம் வாரம் ஒரு மேட்சில் பந்தை க்ளியர் பண்ணக் கால் ஊன்றினேன், அதற்கு மேல் ஊன்றவே முடியவில்லை. ஸ்கேனில் எலும்பில் மெல்லிய விரிசல். வெறும் வலியாக இருந்தபோதே சொல்லியிருந்தால் சில வாரம் ஓட்டத்தைக் குறைத்து நீச்சல், சைக்கிள் என்று கொடுத்திருப்பார்கள். சொல்லாததால் மீதி சீசன் முழுக்க காலை அசையாமல் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டில் நிரப்பினேன்.

டாக்டர் கேட்டதில் ஒரு கேள்வியை உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். மூன்று மாதமாக வரவில்லை, ஓட்டத்தால் இருக்கும், நல்லதுதான் என்று இருந்துவிட்டேன். சாப்பாடு பிடிக்காமல் காலையில் ஒரு பழமும் ராத்திரி ஒரு பிரெட் துண்டுமாக ஓட்டியிருக்கிறேன். செலவாகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு மாதவிடாயை நிறுத்தும், கூடவே எலும்பும் பலம் இழக்கும். இதை இங்கே நமக்கு யாரும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட நாம் பேசுவதில்லை. ஒரு மாதம் தப்பினாலே ட்ரெய்னரிடம் போய்ச் சொல். அவர்களுக்கு அது வெட்கப்படுகிற விஷயமே இல்லை. இன்னொன்று, முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் வீரர்களுக்கு அதிகம், கிழிந்தால் திரும்பி வர ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகிவிடும். பிஃபா 11+ என்று 20 நிமிட வார்ம்-அப் முறை ஒன்று இருக்கிறது, அதை இன்றைக்கே ஆரம்பி. பயிற்சியில் படும் காயத்துக்கு எந்தக் காப்பீடு, உன் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கிளம்பும் முன்பே மெயில் போட்டுக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்.

படிப்பு கெடாது, ஆனால் அதுவும் உன் வாயில்தான் இருக்கிறது. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடம் எடுத்தாக வேண்டும். சீசன் இருக்கிற செமஸ்டரில் லேப் உள்ள பாடங்கள் இரண்டைச் சேர்த்து எடுக்காதே, கனமானதை வசந்த கால செமஸ்டருக்குத் தள்ளு. முதல் வாரமே மேட்ச் அட்டவணையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பேராசிரியரிடமும் நேரில் போய், இந்த இந்தப் புதன்கிழமைகளில் பஸ் மூன்று மணிக்குக் கிளம்பும் என்று சொல்லிவிடு. முன்னால் சொன்னவளுக்கு வேறு நாளில் டெஸ்ட் வைத்துக் கொடுத்தார்கள். முந்தின நாள் ராத்திரி மெயில் போட்டவளுக்கு இல்லை. பஸ்ஸில் எல்லோரும் தலையில் ஒரு சின்ன லைட்டை மாட்டிக்கொண்டு படிப்பார்கள், நீயும் ஒன்று வாங்கிக்கொள்.

பெஞ்ச். ஆமாம், உட்காருவாய். டீமில் இருபத்தெட்டு பேர் இருந்தோம், முதல் வருடம் நான் மொத்தமாக ஆடியது இரண்டு மேட்ச் அளவுக்குக்கூட வராது. ஆனால் அங்கே இங்கே போல வெளியே வந்தால் அவ்வளவுதான் என்று இல்லை, சில நிபந்தனைகளோடு திரும்ப உள்ளே போகலாம், அதனால் ஆட்களை நிறைய மாற்றுவார்கள், பத்து நிமிடம் பதினைந்து நிமிடம் என்று கிடைத்துக்கொண்டே இருக்கும். ஏன் ஆடவில்லை என்று கோச்சிடமே கேட்கலாம், கேட்க வேண்டும். எதில் நான் முன்னேற வேண்டும் என்று கேட்டபோது, வலது காலால் பாஸ், அப்புறம் சத்தம் என்றார். குளிர்காலம் முழுக்க ஜிம் சுவரில் வலது காலால் அடித்தேன். சத்தத்துக்கு என் ரூம்மேட் ஒரு வழி சொன்னாள்: உனக்கு வருகிற மொழியில் கத்து, நாங்கள் கற்றுக்கொள்கிறோம். "பின்னாடி!" என்று நான் கத்தினால் மூன்றாம் வருடத்தில் மொத்த பின்வரிசையும் திரும்பிப் பார்க்கும். அந்த 2012 சீசன்தான் 9-6-3. கான்ஃபரன்ஸ் அரையிறுதியில் பெனால்டியில் தோற்றோம், பஸ்ஸில் இரண்டு மணிநேரம் யாரும் பேசவில்லை, பனிச்சாரல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது, எனக்கு அன்றைக்குத்தான் இவர்கள் என் ஆட்கள் என்று தோன்றியது.

அங்கே பெண்கள் டீமுக்கும் பையன்களுக்கும் ஒரே கிரவுண்டு, ஒரே மாதிரி பஸ், ஒரே மாதிரி டாக்டர். நான் அதை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று நினைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். சீனியர் ஒருத்திதான் அது 1972-ல் வந்த டைட்டில் 9 என்கிற சட்டம், போராடி வாங்கியது என்று விளக்கினாள். இந்தியாவில் பெண்கள் ஃபுட்பால் ஆடுவார்களா என்று உன்னையும் கேட்பார்கள். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று தோற்கடித்து தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் எடுத்ததைச் சொல், எனக்குச் சொல்ல அப்போது அது இல்லை.

அம்மாவுக்கு ஒன்று. கல்லூரி மேட்சுகளை இப்போது இணையத்திலேயே நேரலையாகக் காட்டுகிறார்கள். அங்கே சனி மதியம் ஒரு மணி என்றால் இங்கே ராத்திரி பத்தரை, நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு பதினொன்றரை. அக்டோபர், நவம்பர் மழையில் நம்ம ஊரில் நெட் போய்ப் போய் வரும், அதனால் மேட்ச் முடிந்ததும் நீயே கூப்பிட்டு, அடிபடவில்லை, சாப்பிட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ஸ்கோரைச் சொல். கடைசி வருடம் சீனியர் டே என்று ஒன்று வைப்பார்கள், கடைசி ஹோம் மேட்சுக்கு முன் ஒவ்வொருத்தியும் அப்பா அம்மாவோடு கிரவுண்டுக்குள் நடக்க வேண்டும். என் அம்மாவால் வர முடியவில்லை. 2013 அக்டோபரில் மாமா வீட்டு பிஎஸ்என்எல் லைனில் ஸ்கைப் போட்டு, ரூம்மேட்டின் அம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் லேப்டாப்பையும் பிடித்துக்கொண்டு நடந்தார். திரையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா, பக்கத்தில் பாட்டி. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னதும் பாட்டி என்னவோ கத்தினார், சத்தம் விட்டு விட்டு வந்ததால் என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மாவிடம் பின்னால் கேட்டேன், "ஓடு பிள்ளை" என்றாராம்.

பெட்டியில் இரண்டு பாக்கெட் ஊட்டி வர்க்கி வை, முதல் பஸ் பயணத்தில் பிரித்தால் போதும், டீம் உன் பக்கம். ஜூலை 10 வரை நான் இங்கேதான் இருக்கிறேன். இந்த ஞாயிறு மழை விட்டால் காலை ஏழு மணிக்கு ஷூவோடு காந்தி மைதானத்துக்கு வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வார்ம்-அப் சொல்லித் தருகிறேன், அப்புறம் வேலியில் யார் நின்றாலும் சரி, ஒரு மணிநேரம் கத்திக்கொண்டே பாஸ் பண்ணலாம்.