ஒரே மூலம், இரு லைப்ரரிகள்

கேள்வி: லினக்ஸில் ஐந்து சி மூலக் கோப்புகளை ஒரே மேக்ஃபைல் (‘மேக்’ கருவிக்கான விதிகள் அடங்கிய கோப்பு) மூலம் ஸ்டாட்டிக் லைப்ரரியாகவும் (நிரலுக்குள்ளேயே சேர்க்கப்படுவது) ஷேர்டு லைப்ரரியாகவும் (நிரல் இயங்கும்போது ஏற்றப்படுவது) உருவாக்க முயல்கிறேன். முதலாவது உருவாகிவிடுகிறது. இரண்டாவதில், ‘-எஃப்பிக்’ (-fPIC) என்ற கம்பைலர் தெரிவைச் சேர்த்து மீண்டும் கம்பைல் செய்யுமாறு லிங்கர் (கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் கருவி) பிழை காட்டுகிறது. அதைச் சேர்த்த பிறகும் அதே பிழையே வருகிறது. இரண்டுக்கும் ஒரே ஆப்ஜெக்ட் கோப்புகளை (மூலக் கோப்புகளைக் கம்பைல் செய்து கிடைப்பவை) பயன்படுத்துவது தவறா?

பதில்: தாங்கள் சேர்த்தது சரியானதே; ஆனால் அது கம்பைலரைச் சென்றடையவே இல்லை. ஒரு கோப்பை மீண்டும் உருவாக்க வேண்டுமா என்பதை, அதுவும் அது சார்ந்திருக்கும் கோப்புகளும் கடைசியாக மாறிய நேரங்களை ஒப்பிட்டே மேக் முடிவு செய்கிறது. கட்டளையில் உள்ள தெரிவுகள் மாறியதை அது பார்ப்பதில்லை. மூலக் கோப்புகள் மாறாததால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளே மீண்டும் லிங்கருக்குப் போயிருக்கின்றன. அவற்றை அழித்துவிட்டு மேக்கை இயக்குங்கள். இனி இந்தச் சிக்கல் வராதிருக்க, ஆப்ஜெக்ட் கோப்புகளின் சார்புப் பட்டியலில் மேக்ஃபைலையும் சேர்த்துவிடுங்கள். அதைத் திருத்தும்போதெல்லாம் அனைத்தும் புதிதாகக் கம்பைல் ஆகும்.

ஷேர்டு லைப்ரரி ஒவ்வொரு நிரலிலும் வெவ்வேறு நினைவக முகவரியில் ஏற்றப்படக்கூடும் என்பதால், எங்கு ஏற்றினாலும் மாற்றமின்றி இயங்கும் குறிமுறை அதற்குத் தேவை. ‘-எஃப்பிக்’ அதைத்தான் உருவாக்கித் தருகிறது. அத்தகைய ஆப்ஜெக்ட் கோப்புகளை ஸ்டாட்டிக் லைப்ரரியிலும் வைக்கலாம், அது தவறன்று. 32 பிட் இன்டெல் செயலிகளில் இதற்காக ஒரு ரெஜிஸ்டரை (செயலிக்குள் உள்ள சிறு நினைவிடம்) ஒதுக்க வேண்டியிருந்ததால் வேகம் சற்றுக் குறைந்தது. 64 பிட்டில் அந்த இழப்பு மிகச் சிறியது. இருந்தாலும், இரு வகைக்கும் தனித்தனிக் கோப்புறைகளும் தனித்தனி விதிகளும் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் எந்தக் கோப்பு எந்தத் தெரிவுகளுடன் உருவானது என்ற ஐயத்துக்கு அப்போது இடமே இருக்காது.

ஸ்டாட்டிக் லைப்ரரியை உருவாக்கும் ‘ஏஆர்’ கருவியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை அவசியம். ‘ஆர்சிஎஸ்’ என்ற தெரிவுகள் புதிய கோப்புகளைச் சேர்க்கும், இருப்பவற்றை மாற்றும், குறியீட்டு அட்டவணையை (எந்தப் பெயர் எந்த ஆப்ஜெக்ட் கோப்பில் உள்ளது என்ற பட்டியல்) எழுதும்; ஆனால் தாங்கள் கைவிட்ட மூலக் கோப்பின் பழைய ஆப்ஜெக்டை அவை நீக்குவதில்லை. எனவே அந்த விதியின் முதல் வரியிலேயே பழைய லைப்ரரியை அழித்துவிடுவது நல்லது.

ஷேர்டு லைப்ரரியை லிங்க் செய்யும்போது ‘-ஷேர்டு’ உடன் எஸ்ஓநேமையும் (லைப்ரரிக்குள் பதியப்படும், பதிப்பு எண் கொண்ட பெயர்) கொடுங்கள். நிரல் தனக்குள் பதிந்துகொள்வதும் இயங்கும்போது தேடுவதும் அந்தப் பெயரைத்தான்; பழைய நிரல்களுடன் பொருந்தாத மாற்றம் செய்யும்போது மட்டுமே அதிலுள்ள எண்ணை உயர்த்த வேண்டும்.

இரண்டு லைப்ரரிகளும் ஒரே கோப்புறையில் இருந்தால், லைப்ரரியைப் பெயரால் தேடச் சொல்லும் ‘-எல்’ (-l) தெரிவுக்கு லிங்கர் இயல்பாக ஷேர்டு லைப்ரரியையே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஸ்டாட்டிக் லைப்ரரியைச் சோதிக்க விரும்பினால், அதன் முழுக் கோப்புப் பெயரையும், அதைப் பயன்படுத்தும் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால் வருமாறு, கட்டளையில் எழுதுங்கள்.