ஐந்து சுரங்களுக்கு வெளியே

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். சிறு வயதில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவன்; இப்போது கிட்டாரில் ப்ளூஸ் பழகுகிறேன். ஏ மைனர் பென்டடோனிக் என்னும் சுர வரிசையின் ஐந்து சுரங்களோடு (ஏ, சி, டி, ஈ, ஜி) சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ ஃப்ளாட் ஆகியவற்றையும் சேர்த்தால் சோலோவுக்கு வண்ணம் கூடும் என்று படித்தேன். சேர்த்தபோது ஓரிடத்தில் அழகாக ஒலித்த சுரம் சில விநாடிகளில் அபசுரமாகிவிடுகிறது. காம்போஜி ராகத்தில் அயல் சுரமான காகலி நிஷாதம் வருவதற்கு இருப்பதைப் போல இதற்கும் ஒரு விதி உண்டா?

கே.

அன்புள்ள கே.,

காம்போஜியை நினைத்துக்கொண்டது நல்லதுதான். அங்கே காகலி நிஷாதம் 'ஸ நி ப த ஸ' என்ற பிடியில் வந்து போகிறது. அந்தப் பிடியை விட்டு அதைத் தனியே எடுத்து நிறுத்தினால் ராகம் கெடும். ப்ளூஸிலும் அயல் சுரத்துக்கு இடம் உண்டு, ஆனால் அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பின்னணியில் ஒலிக்கும் கார்ட், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம். நம் ஆதார சுருதி கச்சேரி முடியும்வரை நகர்வதில்லை. பன்னிரண்டு பார்கள் (தாளச் சுற்றுகள்) கொண்ட 12 பார் ப்ளூஸிலோ ஏ7, டி7, ஈ7 என்று அடித்தளமே மாறிக்கொண்டிருக்கிறது. தம்புராவோடு வளர்ந்த காது இந்த மாற்றத்தைக் கவனிக்கத் தனியாகப் பழக வேண்டும்.

உங்கள் அபசுரத்துக்குக் காரணம் பெரும்பாலும் சி ஷார்ப்பாகத்தான் இருக்கும். ஏ7 கார்ட் என்பது ஏ, சி ஷார்ப், ஈ, ஜி; ஆகவே முதல் நான்கு பார்களில் அது கார்டுக்கே உரிய சுரம். ஐந்தாவது பாரில் வரும் டி7-இல் இருப்பதோ சி. அதன்மேல் சி ஷார்ப்பை நீட்டினால் அரைச்சுர இடைவெளியில் இரண்டும் உரசும். அந்த இடத்தில் சி-க்கு இறங்கிவிட்டால், உடன் வாசிப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் கார்ட் மாறியது கேட்பவருக்குப் புரியும். (இரண்டாவது பாரிலேயே டி7-க்குப் போய்த் திரும்பும் வகையும் உண்டு, எந்த வகை என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.) ஏ7-இன்மேல் சி வாசிக்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. தந்தியை இலேசாக வளைத்து, சாதாரண காந்தாரத்துக்கும் (சி) அந்தர காந்தாரத்துக்கும் (சி ஷார்ப்) நடுவே அதை நிறுத்துவதுதான் ப்ளூஸின் உயிர். கமகம் பயின்ற உங்களுக்கு இது மற்றவர்களைவிட எளிதாக வரும் என்று நம்புகிறேன்.

எஃப் ஷார்ப் டி7-இல் மிகவும் பொருந்துவது. பென்டடோனிக்கின் ஜி-யை நீக்கிவிட்டு அதை வைத்தால் கிடைக்கும் ஏ, சி, டி, ஈ, எஃப் ஷார்ப் ஆகிய ஐந்தும் டி9 கார்டின் சுரங்களேதான். கிட்டார் கலைஞர் ராபன் ஃபோர்டின் வாசிப்பில் இந்தச் சேர்க்கையைக் கேட்கலாம். ஏ7-இன்மேல் அதுவே ஆறாம் சுரமாகி இனிமை தரும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங்கின் பெயரால் வழங்கும் கைநிலையில் இரண்டாம் தந்தியின் 10ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டையில்) ஏ இருக்க, மூன்றாம் தந்தியின் 11ஆம் ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப்பும், முதல் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டில் சி ஷார்ப்பும் விரலுக்கு அருகிலேயே இருக்கும்.

பி சுரம் ஈ7 வரும் ஒன்பதாவது பாரில் கார்டோடு சேர்ந்து ஒலிக்கும். ஈ ஃப்ளாட் இம்மூன்று கார்டுகளில் எதிலும் இல்லை. அதனால் டி-க்கும் ஈ-க்கும் இடையே கடந்துபோகும் சுரமாகவே அதைக் கையாளுங்கள்.

ஏ-யை ஸட்ஜமாகக் கொண்டால் உங்கள் பென்டடோனிக் சுத்த தன்யாசியின் சுரங்கள். பி, எஃப் ஷார்ப் இரண்டும் சேர்ந்ததும் கரஹரப்பிரியாவின் ஏழு சுரங்களும் வந்துவிடும். அவற்றை மேலும் கீழுமாக ஓட்டினால் சரளி வரிசை பாடுவது போலத்தான் இருக்கும், ப்ளூஸ் இராது. ஆகவே சிறிது காலம் மற்ற மூன்றையும் ஒதுக்கிவைத்து, பென்டடோனிக்கோடு சி ஷார்ப்பை மட்டும் சேர்த்துக்கொண்டு, ஐந்தாவது பாரில் அது சி-யாக மாறும் இடத்தைப் பாஸ் கிட்டார் மட்டும் ஒலிக்கும் ஒரு பின்னணிப் பதிவோடு மெதுவான காலத்தில் வாசித்துப் பாருங்கள்.