மாட்டுக் கொம்பும் 32 யூரோ ஒயினும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன், போன மாதம் எங்களை ரைன் ஆற்றுப் பக்கம் ஒரு குடும்பத் திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் ஒயின் செய்கிறது. ‘பயோடைனமிக்’ முறை என்றார்கள். மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைக்கிறார்களாம், நிலாவைப் பார்த்துக் கவாத்து செய்கிறார்களாம். ஊர்க் கடையில் 8 யூரோவுக்கு ஒயின் கிடைக்கிறது. இங்கே ஒரு புட்டி 32 யூரோ. சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என இரண்டு சிவப்பு ஒயின் புட்டிகள் வாங்கிவிட்டோம். “நம் தினசரிக் காலண்டரில் போட்டிருக்கும் மேல்நோக்கு நாளை வெள்ளைக்காரன் 32 யூரோவுக்கு விற்றுவிட்டான்” என்று வீட்டுக்காரர் இன்னமும் சிரிக்கிறார். ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: ஏமாறவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எதற்குப் பணம் கொடுத்தோம் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

அவர் சொன்னதில் பாதி சரி. 1924 ஜூனில் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி, அன்று ஜெர்மனியில் இருந்து இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில், விவசாயம் பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பயோடைனமிக் முறை அதிலிருந்துதான் பிறந்தது. ரசாயன உரம் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. பண்ணையை ஒரே உயிராகப் பாருங்கள், மாடும் மண்ணும் பயிரும் எருவும் அதற்குள்ளேயே சுழல வேண்டும் என்றார். (நம் பாட்டன்மார் கேட்டிருந்தால், இதற்கா எட்டுச் சொற்பொழிவு என்றிருப்பார்கள்.) காலண்டர் பிறகு வந்தது. மரியா துன் என்ற ஜெர்மானியப் பெண்மணி, நிலா எந்த ராசியில் நிற்கிறது என்பதை வைத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பிரித்தார். நம் காலண்டர் நட்சத்திரத்தை வைத்து மேல்நோக்கு, கீழ்நோக்கு, சமநோக்கு என்று பிரிக்கிறது. கிணறு வெட்டவும் கிழங்கு நடவும் கீழ்நோக்கு நாள் பார்ப்பவர்கள் நம் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்துச் சரக்கு; அவர் சிரிக்கட்டும்.

ஆனால் நீங்கள் கொடுத்த 32 யூரோவில் காலண்டருக்குப் போனது மிகக் குறைவு. பெரும்பகுதி ஆள் கூலிக்கும் குறைந்த விளைச்சலுக்கும் போனது. களைக்கொல்லி கிடையாது, புல்லை உழுதோ வெட்டியோதான் எடுக்க வேண்டும். பூஞ்சாண நோய்க்கு இலைக்குள் ஊடுருவும் மருந்துகள் கிடையாது. சாம்பல் நோய்க்குக் கந்தகம், அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தம் என்ற தாமிர உப்பு கலந்த பழைய போர்டோ கலவை போன்றவை மட்டும்தான். என் அப்பா திராட்சைப் பந்தலுக்கு அதை அடித்துவிட்டு வந்தால் பனியன் தோள்பட்டையில் நீலக் கறை இருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்தத் தாமிரம் மண்ணிலும் அப்படியேதான் தங்கும். அதனால் ஐரோப்பாவில் இயற்கை விவசாயத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 4 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பயோடைனமிக் முத்திரை தரும் டிமீட்டர் அமைப்பு இன்னும் இறுக்கி 3 கிலோ என்கிறது. மழை விடாமல் பெய்த ஆண்டில் அந்த 3 கிலோவோடு மல்லுக்கு நிற்கும் குடும்பம், கொடியில் பாதிப் பழத்தை இழந்துவிட்டு மீதிப் பாதியைத்தான் புட்டியில் அடைக்கும்.

ஒயின் செய்யும் இடத்திலும் கட்டுப்பாடு உண்டு. சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, கெடாமல் காக்கும் சல்ஃபைட் இருக்க ஐரோப்பிய விதி அனுமதிக்கிறது. இயற்கை முறை என்றால் 100. டிமீட்டர் என்றால் 70. ‘சல்ஃபைட் துளியும் இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நொதிக்கும்போது ஈஸ்டே கொஞ்சம் உண்டாக்கிவிடும். சைவக்காரர்களுக்கு ஒரு செய்தி: ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பயோடைனமிக்கிலும் உண்டு.

இனி, எதற்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பது. ‘கொம்பு உரம் போட்டதால் சுவை கூடுகிறது, உடம்புக்கு நல்லது’ என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சுக்கு ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் 1978 முதல் ஒரு நீண்ட காலச் சோதனை நடக்கிறது. 2002இல் வெளியான அதன் முடிவுப்படி, பயோடைனமிக், இயற்கை முறை இரண்டிலும் மகசூல் ரசாயன முறையைவிட 20 சதவீதம் குறைந்தது. மண்ணில் உயிரோட்டம் கூடியது. சாணமும் தொழுவுரமும் போட்டால் மண் நன்றாக இருக்கும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. கொம்பு தனியாக என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. கலிஃபோர்னியாவில் ஒரே திராட்சைத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை இயற்கை முறையிலும் பாதியைப் பயோடைனமிக் முறையிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஆறு ஆண்டு ஆகியும் மண்ணின் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆல்கஹால் எந்தப் புட்டியிலும் ஆல்கஹால்தான்.

புட்டியின் பின்புறம் பாருங்கள். ‘டிமீட்டர்’ என்ற பெயர் இருந்தால் வெளியாள் வந்து சோதித்திருக்கிறார் என்று பொருள். 1928 முதல் இருக்கும் வணிக முத்திரை அது. ‘பயோடிவின்’ முத்திரையும் அப்படியே. பச்சை இலை போட்ட ஐரோப்பிய முத்திரை மட்டும் இருந்தால் இயற்கை விவசாயம்வரை உறுதி. கொம்பும் நிலாவும் அந்தக் குடும்பத்தின் வாய்ச்சொல். முத்திரைக்குப் பணம் கட்ட விரும்பாமல் நேர்மையாகச் செய்பவர்களும் உண்டு என்பதால் அதை வைத்தே பொய் என்று சொல்லிவிட முடியாது.

வெளிநாட்டிலிருந்து வருபவர் சுங்க வரி இல்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம். 750 மில்லி புட்டி இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். ஒருவரே மூன்று கொண்டுவந்தால்தான் வரம்பைத் தாண்டும். சல்ஃபைட் குறைந்த ஒயின் வெயில் தாங்காது. நம் ஊர் ஏப்ரலில் பரணில் வைத்தால் சம்பந்தி வீட்டுக்குப் புளித்த காடிதான் போகும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கவைத்துவிடுங்கள்.

கேள்வி: ஓசூரில் ஓர் இயற்கை அங்காடியில் ‘பயோடைனமிக் திராட்சை ரசம், 100 சதவீதம் பழச்சாறு’ என்று முக்கால் லிட்டர் புட்டி 540 ரூபாய்க்கு விற்கிறார்கள். சான்றிதழ் கேட்டால் ‘கம்பெனியில் இருக்கிறது’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கம்பெனியில் இருக்கும் சான்றிதழ் கம்பெனிக்குத்தான் பயன்படும். உங்களுக்குப் புட்டியின் மேல் இருப்பதுதான் கணக்கு.

நம் நாட்டில் ‘ஆர்கானிக்’ என்று பொட்டலத்தில் போட்டு விற்கும் உணவில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வெளி நிறுவனம் வந்து சோதிக்கும் தேசியத் திட்டம். நம் மாநிலத்தில் கோவையில் இருக்கும் அரசின் அங்கக சான்றளிப்புத் துறையும் இந்தச் சான்றைத் தருகிறது. மற்றொன்று, விவசாயிகள் குழுவாக ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்ளும் பி.ஜி.எஸ். முறை. இரண்டுமே ‘இயற்கை விளைபொருள்’ என்பதற்குத்தான் பொறுப்பேற்கும். பயோடைனமிக் என்பதற்கு டிமீட்டர் போன்ற தனி முத்திரை வேண்டும்.

‘100 சதவீதம்’ என்பது எனக்கு இன்னும் பெரிய சந்தேகம். கெட்டியாக வற்றவைத்த சாற்றில் தண்ணீர் சேர்த்துச் செய்யும் ரசத்துக்கு ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. பின்பக்கப் பொடி எழுத்தில் முதல் பொருள் தண்ணீர் என்றோ ‘கான்சென்ட்ரேட்’ என்றோ இருந்தால் முன்பக்கத்துப் பெரிய எழுத்து பொய். கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்திருந்தால் ‘இனிப்பூட்டிய சாறு’ என்று சொல்லியாக வேண்டும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பொய் என்று தெரிந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு புட்டி ரசத்துக்காக நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அடுத்த முறை அந்தப் பணத்துக்குப் பன்னீர் திராட்சை வாங்கி வீட்டிலேயே பிழிந்துகொள்வேன்.

கேள்வி: ஒரு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறேன். ஒருவர் வந்து, 25 கிராம் ‘கொம்பு சாண உரம்’ 400 ரூபாய், ஏக்கர் முழுவதற்கும் போதும், வேறு உரமே வேண்டாம் என்கிறார். 25 கிராம் ஒரு செடிக்குக்கூடக் காணாதே?
– விவசாயி, ராயக்கோட்டை

பதில்: 25 கிராம் என்பது அந்த முறையில் சொல்லும் அளவுதான், அதில் ஏமாற்று இல்லை. ‘வேறு உரமே வேண்டாம்’ என்பதுதான் ஏமாற்று.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கேழ்வரகு நிலத்தில் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். சாயங்கால வேளை. நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் பதின்மூன்று லிட்டர் போல வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு பிடி கருப்பு உரம். பெரியவர் மூங்கில் குச்சியால் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பினார், தண்ணீர் நுரைத்துக் கலங்கியது, மறுபடி சுழி. இப்படி ஒரு மணி நேரம். பிறகு வேப்பங்குழையை அதில் தோய்த்து, நிலம் முழுக்க உதறிக்கொண்டே நடந்தார். “இது சோறு இல்லை, உறை மோர்” என்றார். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. உறை ஊற்றுவதற்குப் பால் இருக்க வேண்டும் அல்லவா? தொழுவுரம், பசுந்தாள் உரம், சாண மூலிகை உரம் எல்லாம் போட்ட நிலத்துக்கு மேலே தெளிப்பதுதான் இது. நியூசிலாந்திலிருந்து வந்து வட இந்தியாவிலும் தெற்கிலும் இந்த முறையைக் கற்றுக்கொடுத்த பீட்டர் ப்ராக்டரும் மட்கு உரத்தைத்தான் முதலில் வலியுறுத்தினார். 25 கிராமில் இருக்கும் தழைச்சத்து உங்கள் பந்தலின் ஒரு கிளைக்குக் காணாது.

வாங்கித்தான் பார்ப்பது என்றால் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். சாண வாடை அடித்தால் மட்கவில்லை. நன்றாக மட்கியது கருத்து, பிசுபிசுப்பில்லாமல், மழை பெய்த காட்டு மண் போல மணக்கும். நீங்களே செய்துகொள்ளவும் முடியும்: கன்று ஈன்ற பசுவின் கொம்பு, கறவை மாட்டின் புதுச் சாணம், புரட்டாசி ஐப்பசியில் புதைத்து மாசி பங்குனியில் எடுப்பது. கொம்பு தேடுவதுதான் வேலை. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் ஏற்கெனவே செய்கிறீர்கள் என்றால், அந்த 400 ரூபாயை வெல்லத்துக்கும் நெய்க்கும் செலவழியுங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கேள்வி: ‘பெங்களூரிலிருந்து சிறிது தூரத்தில் பயோடைனமிக் ஒயின் எஸ்டேட், கால் ஏக்கர் உங்கள் பெயரில், பராமரிப்பு எங்கள் பொறுப்பு, ஐந்தாம் ஆண்டு முதல் உங்கள் குடும்பப் பெயர் ஒட்டிய ஒயின் புட்டிகள் வீடு தேடி வரும், நிச்சய வருமானம்’ என்று விளம்பரம். நிலம் நம் எல்லைக்குள்தான் இருக்கிறது. பணி ஓய்வுப் பணத்தைப் போடலாமா?
– வாசகர், தர்மபுரி

பதில்: வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள். திராட்சை வளர்ப்பது ஒரு தொழில், ஒயின் செய்வது வேறு தொழில். தமிழ்நாட்டில் ஒயின் தயாரிக்க மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின் நகலைக் கேளுங்கள், பேச்சு அங்கேயே தடுமாறும். வீடு தேடி வரும் என்பதும் நடக்காது, அடுத்த கேள்வியில் சொல்கிறேன். பலரிடம் பணம் திரட்டி ஒன்றாக நிர்வகித்து வருமானம் தருகிறோம் என்பவர்கள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் கூட்டு முதலீட்டுத் திட்டமாகப் பதிய வேண்டியிருக்கலாம். அந்தப் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

ஒயின் எஸ்டேட் பிரசுரத்தில் ஐரோப்பியப் படங்கள் போட்டிருப்பார்கள். அங்கே கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், ஆண்டுக்கு ஒரு கவாத்து. நம் தட்பவெப்பத்தில் கொடி தூங்காது. ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து நாம்தான் அதை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

நிலம் என்ற அளவில் மட்டும் வாங்குவதானால் கால் ஏக்கருக்குத் தனி உட்பிரிவு எண்ணும் தனிப் பட்டாவும் வேண்டும். ‘பிரிக்கப்படாத பங்கு’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, புலப்படம், போகும் வழி, ஆழ்துளைக் கிணற்றில் வைகாசியிலும் தண்ணீர் வருகிறதா என்பது எல்லாம் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நேரில் போய் மோட்டார் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: நாசிக் பயோடைனமிக் ஒயின் கூரியரில் அனுப்புகிறோம், பாதிப் பணம் முன்பணம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வாங்கலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது; கூரியரில் மது விற்பவர் எவரும் சட்டப்படி விற்கவில்லை. பெரும்பாலும் புட்டியே இருக்காது, முன்பணம் மட்டும்தான் போகும். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு இப்போதே அழையுங்கள். பணம் அவர்கள் கணக்கிலிருந்து நகர்வதற்கு முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது.