மாத்திரையின் கால்சியமும் தசையின் கால்சியமும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு அடுத்த வாரம் முழங்கால் அறுவை சிகிச்சை. "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது உடல் கொதித்ததா? யாராவது இறந்ததுண்டா?" என்று மயக்க மருத்துவர் கேட்டார். சிலருக்குத் தசைக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் வெளிப்பட்டுவிடும் என்றார். இவன் தினமும் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறான். நிறுத்திவிடலாமா?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

இந்தக் காரணத்துக்காக நிறுத்த வேண்டாம். மருத்துவர் அஞ்சுவது மாத்திரையை அல்ல, தசையிழை தனக்குள் சேர்த்துவைத்திருக்கும் கால்சியத்தை.

ஒவ்வொரு தசையிழைக்குள்ளும் சவ்வாலான பைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. கால்சியம் அவற்றுக்குள் அடைபட்டிருக்கும். தசை ஓய்ந்திருக்கும்போது பைக்கு வெளியே இருப்பது, உள்ளே இருப்பதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். நரம்பு தூண்டியதும் ஒரு மின் அலை இழையின் மேற்பரப்பில் ஓடி, நுண்குழாய்கள் வழியே உள்ளே இறங்குகிறது. அங்கே அதை உணரும் புரதம் ஒன்று அசைந்து, பையின் வாயிலாக இருக்கும் ரயனோடின் ஏற்பி என்ற புரதத்தைத் திறக்கிறது. பாய்ந்து வரும் கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பற்றுகிறது. 1960களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி கண்டறிந்த புரதம் அது. உடனே ஆக்டின் என்ற இழைப் புரதத்தின்மேல் இருந்த தடை விலக, மயோசின் என்ற இன்னொரு இழைப் புரதம் அதைப் பிடித்து இழுக்கிறது, தசை சுருங்குகிறது.

தளர்வதும் சும்மா நடப்பதில்லை. வெளிவந்த கால்சியத்தைப் பைக்குள் திருப்பி ஏற்றும் பம்புகளுக்கு, இரண்டு கால்சியம் அயனிகளுக்கு ஓர் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவாகிறது. மருத்துவர் அஞ்சும் அந்த நோயின் (மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா) கொடுமை முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இதயத்தின் கதை வேறு. 1883இல் சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர், கால்சியம் இல்லாத கரைசலில் தவளையின் இதயம் துடிப்பை இழப்பதைக் காட்டினார். எலும்புத்தசையோ வெளியே கால்சியம் இல்லாவிட்டாலும் நெடுநேரம் சுருங்கும். கையிருப்பு உள்ளேயே இருக்கிறதே.

மெல்பர்னில் கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர் ஒருவர், முறிவைவிட மயக்க மருந்துக்கே அதிகம் பயந்தார். அவருடைய உறவினர் பத்துப்பேர் மயக்க மருந்தால் இறந்திருந்தார்கள். அவருக்கும் ஆபத்து வந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டார். 1960இல் டென்பரோ, லவல் என்ற மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். இத்தகைய பல குடும்பங்களில் ரயனோடின் ஏற்பியின் மரபணுவில் பிழை இருப்பது பின்னர் தெரிந்தது. ஹாலோத்தேன் போன்ற மயக்க வாயுக்களும் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சமெத்தோனியமும் பட்டால் வாயில் மூடாமல் நிற்கும். தசைகள் விறைக்கும், பம்புகள் ஓயாமல் ஓடும், ஏடிபி எரிந்து உடல் கொதிக்கும். அந்தக் கசிவை அடக்க டான்ட்ரோலின் என்ற மருந்து இருக்கிறது.

உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட மருத்துவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மாத்திரை தருவது இரத்தத்துக்கும் எலும்புக்கும் வேண்டிய கால்சியம். இரத்தத்தில் அது மிகவும் குறைந்தால், நரம்புகள் எளிதில் கிளர்ந்து கைகால்கள் இழுத்துக்கொள்ளும். எனவே மாத்திரை தேவையா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரே சொல்லட்டும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, அம்மா வழியிலும் அப்பா வழியிலும் பெரியவர்களை விசாரிப்பது. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தாலே பிள்ளைக்கு வர பாதி வாய்ப்பு உண்டு. மகனுக்கு முன்பு மயக்க மருந்து கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்றாலும் விசாரியுங்கள். முதல் சில முறை தப்பி, பிறகு மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.