பட்டியும் பளபளப்பும்: பழைய கார் கேள்விகள்

இந்த முறை பழைய கார் கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கீழக்கரை வாசகர்: துபாயில் இருக்கும் மச்சான் ஒரு பெராரி டெஸ்டரோசா பார்த்து வைத்திருக்கிறார். முன்பக்கம் நசுங்கி, மணலில் கிடக்கிறதாம். சல்லிசான விலை. கப்பலில் கொண்டுவந்து இங்கே சரிசெய்யலாமா?

முடியாது. பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் அது தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது; ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும். டெஸ்டரோசா 1984-ல் வந்த மாடல். துபாய் வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். இரண்டிலும் அடிபட்டுப் போகிறது. அந்த வண்டியில் டைமிங் பெல்ட் மாற்றவே எஞ்சினை மொத்தமாக இறக்கியாக வேண்டும் என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள். ஆசை விடாவிட்டால் அங்கேயே வைத்து ஓட்டட்டும். நீங்கள் போகும்போது ஏறிக்கொள்ளலாம்.

ராமேஸ்வரம் கல்லூரி மாணவர்: 2023-ல் அமெரிக்க ஏலத்தில் எரிந்து நசுங்கிய ஒரு பெராரி 18.75 லட்சம் டாலருக்குப் போனதாகப் படித்தேன். படத்தில் பார்த்தால் காயலான் கடைச் சரக்கு மாதிரி இருக்கிறது. வாங்கியவருக்குப் பைத்தியமா?

இல்லை. அது 1954-ம் வருடத்து 500 மொண்டியல். அவர் வாங்கியது தகரத்தை அல்ல, சேஸிஸ் (அடிச்சட்ட) நம்பரையும் அதன் பின்னால் இருக்கும் பந்தய வரலாற்றையும். அலுமினியத் தகட்டைத் தட்டிப் புது உடம்பு செய்யக் கைதேர்ந்தவர்கள் இத்தாலியில் இருக்கிறார்கள். நம்பரைப் புதிதாகச் செய்தால் அதற்குப் பெயர் மோசடி. பழைய கார்களைக் கவனிக்கும் பெராரியின் கிளாசிகே பிரிவும் லம்போர்கினியின் போலோ ஸ்டோரிகோ பிரிவும் ஆலையின் பழைய பதிவேடுகளை வைத்துச் சரிபார்த்துத்தான் சான்று தருகின்றன. உங்களிடம் 18 லட்சம் டாலர் இருந்தால் மறுபடி எழுதுங்கள்.

தொண்டி வாசகி: அப்பாவுடைய ஃபியட் 1100. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ₹2,40,000 கொடுத்துப் புதுப்பித்தோம். ரசீதில் 'முழு ரெஸ்டோரேஷன்' என்று எழுதியிருக்கிறது. ஐந்தே மாதத்தில் கதவடியில் பெயிண்ட் கொப்புளம் விட்டு உதிர்கிறது. பட்டறைக்காரரைக் கேட்டால், "உங்க ஊர்க் காத்து அப்படிம்மா" என்கிறார்.

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நம் கடலோர உப்புக் காற்று பொல்லாததுதான், யார் இல்லையென்றார்கள்? காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்துத் துருவை ஆராய நம் மண்டபம் ஊரில் இடம் போட்டிருப்பது அதனால்தான். இது பட்டறைக்காரருக்கும் தெரியும். தெரிந்துதான் பணம் வாங்கினார். செய்ய வேண்டியது என்ன? துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்து, கதவின் உட்குழிக்குள் மெழுகுக் கலவை அடிக்க வேண்டும். அவர் செய்தது என்ன? மேலாக எமரித்தாள் போட்டு, துருவின் மேலேயே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பி, பெயிண்ட் அடித்துவிட்டார். பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு தன் வேலையை நிறுத்துவதே இல்லை.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவடி, சக்கர வளைவு, ஃபுட்போர்டு ஓரம் எல்லாம் இழுத்துப் பாருங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் பட்டி தடிமன் என்று அர்த்தம். இது இரும்புத் தகட்டு வண்டிக்கு மட்டும்தான். முதலில் வந்த பெராரி 308 ஜி.டி.பி. ஃபைபர்கிளாஸ் உடம்பு, அதில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. லம்போர்கினி கவுன்டாக்கில் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தோல். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதே லம்போர்கினியின் மியூராவுக்கோ எடை குறைக்க ஓட்டை ஓட்டையாகத் துளைத்த தகட்டுச் சட்டம். ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கோடிக்கணக்கில் விலை போகும் இந்த வண்டிகளிலும் மேல்பூச்சைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. ஆகவே நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை.

நானே ஒரு விஜய் சூப்பர் ஸ்கூட்டர் வாங்கினேன், லாம்பிரெட்டா வம்சம். பச்சைப் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. ஃபுட்போர்டு ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் தரை தெரிந்தது.

சரி, இனி செய்ய வேண்டியது: வேறொரு டிங்கரிடம் ஒரே ஒரு இடத்தை மட்டும் சுரண்டச் சொல்லி, பட்டியும் அடியில் இருக்கும் துருவும் தெரியப் படம் எடுங்கள். அவரிடமே எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். பட்டறைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பட்டறை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் ராமநாதபுரத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பிரச்சினை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அந்த ரசீதை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள்.

ராமநாதபுரம் வாசகர்: ஹோண்டா சிவிக்கை லம்போர்கினி போல மாற்றிய கார், இன்ஸ்டாகிராமில் பார்த்தேன். ₹50,000 அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். ஆர்.சி. அப்புறம் தருவதாகச் சொன்னவர் இப்போது போனை எடுப்பதில்லை.

ஆர்.சி.யைப் பார்க்காமல் அட்வான்ஸா? முதலில் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள். பணம் அனுப்பிய வங்கியிலும் சொல்லுங்கள். கார் வந்திருந்தாலும் நிம்மதி கிடையாது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு. விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

உச்சிப்புளி வாசகர்: 1968 ஃபியட்டை விண்டேஜ் என்று பதிவு செய்தால் தினமும் கடைக்கு ஓட்டலாமா?

முடியாது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டியைப் புதிதாக விண்டேஜ் என்று பதிவு செய்தால் 'வி.ஏ.' எழுத்தோடு நம்பர் தருவார்கள். ₹20,000 கட்டணம், பத்து வருடம் செல்லும். கண்காட்சிக்கு, ராலிக்கு, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று ஓட்டலாம், தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது. கடைக்குப் போக சைக்கிள் போதுமே.

சாயல்குடி வாசகர்: இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' ஆக்கிய வெளிநாட்டுக் காரை ஏலத்தில் பாதி விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா?

சரிசெய்யும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அப்படி எழுதுவார்கள். பாதி விலைக்கு வாங்கி முக்கால் விலைக்குச் சரிசெய்தால் எவ்வளவு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஆர்.சி. ரத்தாகிவிட்டதா என்று ஆர்.டி.ஓ.வில் கேட்காமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள். இந்த மாதிரி வண்டிகளின் காகிதத்துக்காக மட்டுமே வாங்கி, அந்த நம்பரைத் திருட்டு வண்டியில் அடிக்கும் கூட்டம் இருக்கிறது.

தேவிபட்டினம் வாசகர்: பட்டறையில் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

உங்கள் சொத்து. கேட்டு வாங்குங்கள். அடுத்த தடவை வேலை தொடங்கும் முன்பே பில்லில் எழுதச் சொல்லுங்கள். பழைய வண்டிக்குப் பழைய கார்புரேட்டர்தான் விலை.

பாம்பன் வாசகர்: காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கலாமா?

வேண்டாம். உள்ளே உப்பு ஈரம் வேர்த்து நிற்கும். நல்ல தண்ணீரில் அடிப்பாகம் வரை கழுவி, காய்ந்த பிறகு காற்றோட்டமான கொட்டகையில் நிறுத்துங்கள். கடல் பார்த்த பக்கம் சுவர் இருக்கட்டும்.